மோட்டுவளையைப் பார்க்கும் கண்கள்

“சும்மா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே!” இந்த வசவைக் கேட்காமல் வளர்ந்தவள் நம் பள்ளியில் ஒருத்தியேனும் உண்டா? எங்கள் வீடு ஓட்டு வீடு. ஆதலால் எனக்கு இது வெறும் சொல் அன்று. நிமிர்ந்தால் மோட்டுவளை உண்மையாகவே அங்கே இருக்கிறது. ஒரு பல்லியும் அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஆனால் இக்கட்டுரையை எழுதத் தூண்டியவன் நான் அல்லேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் தம்பி.

அவன் வேறொரு பள்ளியில் படிக்கிறான். சென்ற பருவத்தில் ஒரு நாள் வகுப்பில் எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். “ஆறெட்டு?” என்று கேட்டதும் அவன் தலையைத் தூக்கி மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்திருக்கிறான். “அங்கே என்ன எழுதியா ஒட்டியிருக்கிறது? என் முகத்தைப் பார்த்துச் சொல்!” என்றாராம் ஆசிரியை. பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்த விடையும் மறந்துபோயிற்று. இரண்டு, மூன்று நாட்கள் இப்படியே நடந்தது. பிறகு ஒரு மாலை என்னிடம் வந்து, “அக்கா, எனக்குக் கணக்கு வராது. நான் பெரியவன் ஆனதும் கணக்கே இல்லாத வேலைக்குப் போய்விடுகிறேன்” என்றான். எட்டு வயதில் அவனே தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்து நின்றதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு நான் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தேன். பாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “பாட்டி, உங்கள் பெயர் என்ன?” என்று கேட்டேன். “இது என்ன கேள்வி?” என்று என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். “உங்கள் கலியாணத்தில் என்னென்ன பலகாரம் பரிமாறினார்கள்?” என்று அடுத்துக் கேட்டேன். முறத்தை ஆட்டிய கை நின்றது. கண்கள் என்னை விட்டு மேலே போயின. சற்று நேரம் கழித்துத்தான் பதில் வந்தது, அதுவும் வரிசை பிசகாமல்! அம்மாவிடம் பதினேழையும் இருபத்தெட்டையும் கூட்டச் சொன்னேன். அவர் கண்கள் சன்னல் பக்கம் சென்றன. எளிய கேள்விக்குக் கண்கள் நம் மீதே நிற்கின்றன. அரிய கேள்விக்கு எங்கோ ஓடிவிடுகின்றன. ஏன்?

மருத்துவக் கல்லூரியில் பயிலும் என் பெரியம்மா மகளிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “நீ கேட்பது கண்ணைப் பற்றி மட்டும் அல்ல, ஓய்வில் இருக்கும் மூளையைப் பற்றியும்தான்” என்றார். அவர் சொன்னவற்றையும் அவர் உதவியோடு நான் படித்தறிந்தவற்றையும் தோழியர்க்கு இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண். ஒவ்வொரு கண்ணையும் அசைப்பதற்கு ஆறு சிறு தசைகள் உள்ளன. நாம் இப்பக்கத்தைப் படிக்கும்போது நம் கண்கள் வரியின் மேல் வண்டி போல உருண்டு செல்வதாக எண்ணுகிறோம். அது தவறு. அவை தவளை போலத் தாவித் தாவிச் செல்கின்றன. படிக்கும்போது கண் இப்படிக் குதிப்பதைப் பற்றி 1879-ஆம் ஆண்டிலேயே பாரிஸைச் சேர்ந்த லூயி எமீல் ஷவால் என்ற கண் மருத்துவர் எழுதியிருக்கிறார். விழித்திருக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தாவல்கள். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு இடத்தைத்தான் கண்ணால் மிகத் தெளிவாகப் பார்க்க முடியும். அதனால்தான் அந்தச் சிறு தெளிவை இங்கும் அங்கும் தூக்கிக்கொண்டு அது ஓயாமல் அலைகிறது.

இந்தத் தாவலை நம்மால் உணர முடிவதில்லை என்பதுதான் விந்தை. இன்று வீட்டுக்குச் சென்றதும் கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள். பிறகு வலக்கண்ணைப் பாருங்கள். மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் காணவே முடியாது! அருகில் நிற்கும் தங்கைக்கோ அது நன்றாகத் தெரியும். கண் தாவும் அந்த நொடித்துளியில் மூளை தன் பார்வையை மங்கச் செய்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இதைச் செய்து பார்த்துவிட்டு நம்ப மறுத்தார்கள்.

இனி மூளைக்கு வருவோம். ஓய்வில் இருக்கும் மூளையும் கண்ணும் எப்படித் தொடர்புடையவை என்பதை முதன்முதலில் தெளிவாகக் கண்டவர் ஜெர்மனியில் யேனா நகரில் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர். இளமையில் அவர் இராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அதே நாளில், தொலைவில் இருந்த அவருடைய சகோதரி அவருக்கு ஏதோ ஆபத்து என்று கலங்கியதால் வீட்டிலிருந்து தந்தி வந்ததாம். மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி செல்லுமா என்ற கேள்வி அன்று அவரைப் பற்றிக்கொண்டது. அதற்கு அவருக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் அதைத் தேடிப் போனவர் 1924-இல் மனித மூளையின் மின் அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்துவிட்டார். ஐந்தாண்டுகள் சரிபார்த்த பிறகே, 1929-இல், அதை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.இ.ஜி. பரிசோதனை இப்படிப் பிறந்ததுதான்.

பெர்கர் கண்டது இது: ஒருவர் கண்களை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்புறத்தில் வினாடிக்குப் பத்து முறை அளவில் எழுந்து விழும் சீரான அலைகள் தோன்றுகின்றன. இவற்றுக்கு ஆல்ஃபா அலைகள் என்று பெயர். கண்ணைத் திறந்தால் அவை உடனே அடங்கிவிடும். கண்ணை மூடியபடியே கடினமான கணக்கு ஒன்றை மனத்தில் போட்டாலும் அடங்கிவிடும்! இமை என்ற ஒரு சிறு திரை ஏறி இறங்குவதற்கே மூளையின் மின்னோட்டம் மாறுகிறது. 1934-இல் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற ஏட்ரியனும் அவருடைய துணைவர் மாத்யூஸும் இதைத் தாங்களும் செய்து காட்டிய பிறகே உலகம் பெர்கரை நம்பியது.

உறக்கத்திலும் கண்கள் பேசுகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கி என்ற மாணவர் உறங்குபவர்களின் கண்களுக்கருகே மின்வாய்களைப் பொருத்தி இரவு முழுவதும் காத்திருந்தார். உறக்கத்தின் நடுவே திடீரென்று மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக ஓடின. கருவி பழுதாகிவிட்டதோ என்றே முதலில் ஐயுற்றார். அவரும் அவருடைய பேராசிரியர் கிளைட்மனும் 1953-இல் இதை வெளியிட்டனர். விழிகள் ஓடும் நேரத்தில் 27 முறை எழுப்பியதில் 20 முறை உறங்கியவர்கள் தெளிவான கனவைச் சொன்னார்கள். விழிகள் அமைதியாக இருந்தபோது 23 முறை எழுப்பியதில் 19 முறை ஒன்றும் சொல்ல இயலவில்லை. பெர்கர் தம் மகனின் தலையில் மின்வாய் வைத்துப் பார்த்தார். அசெரின்ஸ்கியும் எட்டு வயதான தம் மகனையே முதலில் படுக்க வைத்தார். விஞ்ஞானிகளின் வீட்டில் பிள்ளையாய்ப் பிறப்பதும் எளிதன்று!

உறக்கத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன். என் தம்பி மின்விசிறியைப் பார்த்தபோது அவன் உறங்கவில்லை. விழித்தபடி ‘சும்மா’ இருக்கும் மூளைதான் இங்கே வினா.

‘சும்மா’ என்ற சொல்லே மூளைக்குப் பொருந்தாது. நம் உடல் எடையில் மூளை 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. கடினமான வேலை ஒன்றைத் தொடங்கும்போது மூளையின் செலவு மிகச் சிறிதளவே, பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே, கூடுகிறது. அடுப்பில் உலை எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கிறது. விருந்தினர் வந்தால் இன்னும் ஒரு சுள்ளியைச் செருகுகிறோம், அவ்வளவே.

இந்த எந்நேர உலையில் என்ன வேகிறது என்பது நெடுநாள் வரை தெரியாமல் இருந்தது. 1990-ஆம் ஆண்டில் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, இரத்தத்தில் பிராணவாயு கூடுவதையும் குறைவதையும் காந்தக் கருவி கொண்டே அறியலாம் என்று காட்டினார். மூளையில் எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதிக்கு இரத்தம் அதிகமாகப் பாய்கிறது. ஆகவே தலையைத் திறக்காமலே எங்கே வேலை நடக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியில் பார்க்க முடிந்தது. 1995-இல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் பரத் பிஸ்வால் என்ற இளம் ஆய்வாளர், விரலைக்கூட அசைக்காமல் படுத்திருப்பவர்களை இக்கருவியில் வைத்துப் பார்த்தார். கையை அசைக்கும் பகுதி மூளையின் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இருக்கிறது. கைகள் அசையாமல் இருந்தபோதும் அவ்விரண்டும் ஒன்றாகவே மெல்ல மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தொலைவில் இருக்கும் இரண்டு இடங்கள் இப்படிச் சேர்ந்து ஏறி இறங்கினால் அவை ஒரே வலைப்பின்னலைச் சேர்ந்தவை எனக் கொள்கிறார்கள்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் என் கட்டுரைக்கு உயிர். மூளை ஆய்வில் ஒருவருக்குக் கணக்கோ படமோ கொடுக்கும் முன், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சற்று நேரம் சும்மா இருக்கச் சொல்வது வழக்கம். கண்ணை மூடிக்கொள், அல்லது நடுவில் இருக்கும் சிலுவைக் குறியைப் பார்த்துக்கொண்டிரு, அவ்வளவுதான் கட்டளை. வேலை தொடங்கியதும் சில பகுதிகள் எழும் என்று எதிர்பார்த்தார்கள், எழுந்தன. ஆனால் வேறு சில பகுதிகள் வேலை தொடங்கியதும் அடங்கின! என்ன வேலை கொடுத்தாலும் ஏறக்குறைய அதே பகுதிகள்தான் அடங்கின. அப்படியானால் ‘சும்மா’ இருந்தபோது அவை ஏதோ செய்துகொண்டிருந்திருக்க வேண்டும் அல்லவா? செயின்ட் லூயி நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரைக்லேயும் உடனிருந்தோரும் 2001-இல் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். நெற்றிக்குப் பின்னே நடுக்கோட்டில் ஓரிடம், பின்தலைப் பக்கம் நடுவில் ஓரிடம், காதுகளுக்கு மேலே சற்றுப் பின்னால் இரு புறமும் இரண்டு இடங்கள் ஆகியவை இதில் முக்கியமானவை. வேறு வேலை இல்லாதபோது தானாகவே மேலோங்குவதால் இதை இயல்புநிலை வலைப்பின்னல் என்று தமிழில் சொல்லலாம். பழைய நினைவுகளைத் தேடுதல், நாளை நடக்கப்போவதை எண்ணிப் பார்த்தல், பிறர் மனம் எப்படியிருக்கும் என்று யோசித்தல், தன்னைப் பற்றி நினைத்தல் போன்ற உள்முகமான வேலைகளில் இது ஈடுபடுகிறது. பாட்டி தம் கலியாணப் பந்தியைத் தேடிப் போனபோது இந்த வலைப்பின்னல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

இதற்கு எதிரணியில் இன்னொரு வலைப்பின்னல் இருக்கிறது. வெளியே இருப்பதைக் கவனிப்பதே அதன் பணி. அதைக் கவன வலைப்பின்னல் என்போம். தராசின் இரு தட்டுகளைப் போல, பெரும்பாலும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. இங்கேதான் கண் வருகிறது. கண்ணை இங்கிருந்து அங்கே தாவச் செய்யும் மூளைப் பகுதிகளும் கவனத்தை இங்கிருந்து அங்கே நகர்த்தும் பகுதிகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் அமைந்தவை! கண் என்பது கவனத்தின் கைகாட்டி மரம் போலும். ஆகவே கண்ணின் அசைவு மாறினால் தராசின் தட்டுகளும் அசைவதில் வியப்பில்லை.

ஜெர்மனியில் மியூனிக் நகரில் முழு இருட்டில் இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். ஒளியே இல்லாத இடத்தில் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். அப்படியல்ல. இருட்டில் கண்களைத் திறந்திருந்தபோது கண்ணை அசைக்கும் பகுதிகளும் கவனப் பகுதிகளும் விழித்திருந்தன. கண்களை மூடியதும் பார்வை, கேள்வி, தொடுவுணர்ச்சி ஆகியவற்றுக்கான பகுதிகள் கிளர்ந்தன. காண்பதற்கு ஒன்றும் இல்லாதபோதும் திறந்த கண் வெளியே காவல் நிற்கிறது. மூடிய கண் உள்ளே திரும்பிக்கொள்கிறது. 2011-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தார், ஓய்வாகப் படுத்திருப்பவர்களின் கண்ணசைவு மெல்ல மெல்லக் கூடிக் குறைவதும் மூளை வலைப்பின்னல்கள் ஏறி இறங்குவதும் தொடர்புடையவை என்று கண்டார்கள். எது எதை இழுக்கிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓய்வு ஆய்வுகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. கண்ணை மூடிப் படுக்கச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் முதல் மூன்று நிமிடங்களுக்குள்ளேயே விழிப்பு நிலையிலிருந்து நழுவிவிட்டார்களாம்! அந்தக் கருவி இடியைப் போல ஓசையெழுப்பும் என்கிறார் அக்கா. மதிய உணவுக்குப் பின் வரும் பாடவேளையில் நாம் கண் சொக்குவதைக் குறை கூறுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இமைப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நாம் நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை வரை இமைக்கிறோம். கண்ணை ஈரமாக வைத்துக்கொள்ளத்தான் இமைக்கிறோம் என்று எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் அதற்கு நிமிடத்துக்கு ஒரு சில இமைப்புகளே போதும். பிறந்த குழந்தை அவ்வளவே இமைக்கிறது. மீதி எதற்கு? ஜப்பானைச் சேர்ந்த தமாமி நகானோ என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், 2009-இல் வெளியான ஆய்வில், ‘மிஸ்டர் பீன்’ நகைச்சுவைப் படத்தைப் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆம், அதே மிஸ்டர் பீன்தான்! தனித்தனியே பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில் இமைத்தார்கள். அவர் ஒரு செயலைச் செய்து முடித்த கணம், அவர் திரையில் இல்லாத கணம் ஆகியவை அந்த இடங்கள். கதையில் ஒன்றும் தவறிப்போகாத இடமாகப் பார்த்து எல்லார் இமைகளும், யாரும் சொல்லாமலே, மூடித் திறந்தன. கதையில்லாத காட்சியைக் காட்டியபோது இந்த ஒற்றுமை இல்லை. படிக்கும்போதும் இமைப்பு பெரும்பாலும் வாக்கியம் முடியும் இடத்தில் வருகிறதாம். முற்றுப்புள்ளியைத் தாளில் மட்டுமா வைக்கிறோம், கண்ணிலும் வைக்கிறோம்!

2013-இல் அதே குழுவினர், ஸ்கேன் கருவிக்குள் படம் பார்ப்பவர்களின் இமைப்பையும் மூளையையும் ஒருசேரப் பதிவு செய்தார்கள். இமைத்த கணத்தில் கவன வலைப்பின்னல் சற்றே தாழ்ந்தது; இயல்புநிலை வலைப்பின்னல் சற்றே எழுந்தது. கண் மூடியதால் இருட்டாயிற்று, அதனால்தான் இப்படி ஆனது என்று யாரேனும் சொல்லக்கூடும் அல்லவா? அதையும் அவர்கள் விடவில்லை. இமைக்கும் நேரத்துக்குப் படத்தையே இருட்டாக்கிக் காட்டினார்கள். அப்போது அப்படி நிகழவில்லை. எனவே இமைப்பு வெறும் இருட்டு அன்று. ஓடும் கவனத்தைக் கண நேரம் அவிழ்த்துவிட்டு மூளை உள்ளே ஓர் அடி எடுத்து வைத்துத் திரும்புகிறது. நாள் முழுவதும், நாம் அறியாமலே, ஆயிரக்கணக்கான முறை!

இதுவரை கண்ணுக்குச் சாதகமாகவே எழுதிவிட்டேன். எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்ல வேண்டும். இல்லையேல் ஆசிரியைகள் இக்கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். உள்முகமாகப் போன கண் எல்லா நேரமும் பாடத்தைத் தேடிப் போவதில்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் ஒரு பக்கம் முழுவதும் ‘படித்து’ முடித்துவிட்டு, ஒரு சொல்லும் மனத்தில் இல்லை என்று திடுக்கிட்டதுண்டா? பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் நான்கே மாணவர்களுக்கு ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி’ நாவல் முழுவதையும் படிக்கக் கொடுத்துக் கண்களைப் பதிவு செய்தார்கள். மனம் வேறெங்கோ சென்ற நேரத்திலும் கண் வரியின் மேல் தாவிக்கொண்டே சென்றது. ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் வழக்கத்தைவிட அதிகம் தங்கியது. அரிய சொல், எளிய சொல் என்ற வேறுபாடும் அதற்கு மங்கிப்போயிற்று. அதே ஆண்டு கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார், படிக்கையில் மனம் அலைபவர்கள் அதிகமாக இமைக்கிறார்கள் என்று கண்டார்கள். என் வரலாற்றுப் பாடநூலுக்குக் கண் இருந்தால் நான் எத்தனை முறை இமைத்தேன் என்று எண்ணிச் சொல்லியிருக்கும்.

ஆனால் கேள்வி கேட்கப்பட்டு, அதற்கு விடை தேடும்போது கண்ணை விலக்குவது வேறு சங்கதி. நியூயார்க்கில் ஹவர்ட் எர்லிக்மன் என்ற உளவியலாளர் இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். நெடுநாள் நினைவிலிருந்து ஒன்றைத் துழாவி எடுக்க வேண்டிய கேள்விக்குக் கண்கள் அதிகமாகத் தாவுகின்றன. இப்போதுதான் கேட்டதை மனத்தில் பிடித்து வைக்கும் வேலைக்குக் குறைவாகத் தாவுகின்றன. இருட்டிலும் அப்படித்தான். ஆகவே அவை எதையும் பார்ப்பதற்காகத் தாவவில்லை. 1998-இல் ஆர்தர் கிளன்பர்கும் துணைவர்களும் கேள்வி கடினமாக ஆக மனிதர்கள் கண்ணை அதிகமாக விலக்குகிறார்கள் என்றும், அப்படி விலக்குவது நினைவுகூர உதவுகிறது என்றும் காட்டினார்கள்.

என் தம்பிக்கு நேராகப் பொருந்துவது ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் க்வினெத் டொஹர்ட்டி-ஸ்னெடன் குழுவினர் செய்த ஆய்வு. ஐந்து வயதுக் குழந்தைகள் யோசிக்கும்போது கண்ணை விலக்குவது குறைவு. எட்டு வயதுக்குள் அந்தப் பழக்கம் நன்றாக வந்துவிடுகிறது. 2006-இல் வெளியான ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, யோசிக்கும்போது வேறு பக்கம் பார்க்கும்படி அவர்களே கற்றுக்கொடுத்தார்கள். விடைகள் மேம்பட்டன! மனித முகம் என்பது சும்மா ஒரு பொருள் அன்று. அதில் கோபமா, சிரிப்பா, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று படிக்க ஆயிரம் இருக்கின்றன. கண் அதன் மேல் நிற்கும்வரை கவனத் தட்டு கீழிறங்க மறுக்கிறது. விடையோ உள்ளே இருக்கிறது. அச்சமூட்டும் முகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கண் மேலே வலப்புறம் போனால் பொய், இடப்புறம் போனால் மெய் என்று ஒரு கதை ஊரெல்லாம் வழங்குகிறது. எங்கள் வகுப்பில் அழிப்பான் காணாமற்போனபோதுகூட இதை வைத்து ஒருத்தியைத் திருடி என்றார்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் வைஸ்மனும் பிறரும் இதைச் சோதித்து, அப்படி ஒன்றும் இல்லை என்று 2012-இல் வெளியிட்டார்கள். அழிப்பானும் பிறகு அதற்கு உரியவளின் பையிலேயே கிடைத்தது.

இத்தனையும் படித்தபின் நான் தம்பியை மோட்டுவளைக்கு நேர் கீழே பாயில் உட்கார வைத்தேன். “என்னைப் பார்க்காதே. பல்லியைப் பார். இப்போது சொல், ஆறெட்டு?” என்றேன். கண்கள் மேலே இங்கும் அங்கும் ஓடின. “நாற்பத்தெட்டு!” என்றான். எட்டாம் வாய்ப்பாட்டில் முக்கால்வாசியும் பல்லியின் துணையோடு வந்துவிட்டது. அம்மா அவன் பள்ளிக்குச் சென்று ஆசிரியையிடம் இதைப் பக்குவமாகச் சொன்னார். நான் பயந்தது போல அவர் கோபிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் சன்னலுக்கு வெளியே பார்த்தாராம். பிறகு, “மேலே பார்க்கட்டும், கீழே பார்க்கட்டும், பக்கத்துப் பையன் சிலேட்டை மட்டும் பார்க்க வேண்டாம்” என்றாராம்.

இப்போது அவன் கணக்கே இல்லாத வேலையைத் தேடுவதை விட்டுவிட்டான். ஏழெட்டு மட்டும் இன்னும் வரவில்லை. மோட்டுவளையைப் பார்த்தாலும் ஐம்பத்துநான்கு என்றே சொல்கிறான்.